எந்த டிரெண்டைச் சொல்கிறீர்கள்?

"சார்ட்டைப் பார்த்து அடுத்து ஏறுமா இறங்குமான்னு சொல்ல முடியுமா, முடியாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க." ஷேர் மார்க்கெட் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் என்னை இப்படி மடக்கிவிடுகிறார். கல்யாணப் பந்தியில்கூட விடுவதில்லை.

சரி, சுற்றி வளைக்காமலே சொல்கிறேன். பல பங்குகளைச் சேர்த்து, சில மாத அளவில் பார்த்தால், விலையின் போக்கு கொஞ்சம் சொல்லும். ஒற்றைப் பங்கை மட்டும் எடுத்தால் அது சொல்வது இன்னும் குறைவு. ஐந்து நிமிடக் கேண்டிலை வைத்துக்கொண்டு இந்த வார எக்ஸ்பைரிக்குள் நிஃப்டி எங்கே நிற்கும் என்று கேட்டால், உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாகிற அளவுக்கு எதையும் சொல்லாது. வகுப்பு எடுப்பவர்கள் பலர் முதலாவதற்கு இருக்கிற ஆதாரத்தைக் காட்டி மூன்றாவதை விற்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

2024 ஜூன் முதல் வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆப்ஷன் பக்கம் தலைவைத்துப் படுத்தவர் யாரும் அந்த வாரத்தை மறந்திருக்க மாட்டார். நாடாளுமன்றத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1, சனிக்கிழமை முடிந்தது. அன்று மாலையே எக்ஸிட் போல்கள் ஆளும் கூட்டணிக்கு இடங்களை வாரி வழங்கின. திங்கட்கிழமை நிஃப்டி பெரிய கேப் அப்பில் திறந்து, 3.25 சதவீத ஏற்றத்துடன் 23,264-க்குப் பக்கத்தில் முடிந்தது. அதுவரை காணாத உச்சம். சார்ட் படித்தவர்களுக்கு அது பிரேக் அவுட். இனி வானம்தான் எல்லை என்று அன்று இரவு டெலிகிராம் குரூப்புகள் களைகட்டின.

செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. பா.ஜ.க. 240 இடங்களில் நின்றது, தனிப் பெரும்பான்மை இல்லை. நிஃப்டி 5.93 சதவீதம் சரிந்து 21,884-இல் முடிந்தது. நடுப்பகலில் அதற்கும் வெகு கீழே போய்விட்டு வந்தது. முந்தின நாள் கால் ஆப்ஷன் வாங்கியவர்கள் கதை அதோடு முடிந்தது. அன்று சாயங்காலம் சார்ட்டைப் பார்த்தால் நீளமான சிவப்புக் கேண்டில், சப்போர்ட் என்று கோடு போட்டு வைத்திருந்த இடமெல்லாம் உடைந்து கிடந்தது. "டிரெண்ட் மாறிவிட்டது, இனி இறக்கம்தான்" என்று புட் வாங்கியவர்கள் உண்டு. புதன்கிழமை நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று 23,290-இல் முடிந்தது. அதாவது திங்கட்கிழமை விட்ட இடத்தைத் தாண்டி.

ஒரே வாரத்தில் சார்ட் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. இரண்டும் தப்பு. வாக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது விலைக்குத் தெரியாது. எக்ஸிட் போலை நம்பியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது மட்டும்தான் திங்கட்கிழமை விலையில் இருந்தது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. தேர்தல் முடிவு மாதிரி பெரிய செய்தி வருமுன் ஆப்ஷன் பிரீமியம் வீங்கிவிடும். முடிவு தெரிந்து பரபரப்பு அடங்கியதும் அந்த வீக்கம் வற்றிவிடும். அதனால் 'ஏறும்' என்று சரியாகக் கணித்து கால் வாங்கியவருக்கும் பணம் போகலாம். திசை சரி, அளவு போதவில்லை, நேரமும் போய்விட்டது. ஆப்ஷன் வாங்குகிறவர் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எத்தனை நாளுக்குள் என்ற மூன்றையும் சேர்த்துப் பந்தயம் கட்டுகிறார். டிரெண்ட் மிஞ்சிப்போனால் முதல் கேள்விக்குத்தான் அரைகுறையாகப் பதில் சொல்லும்.

இப்படிச் சொன்னதும் "அப்போ டிரெண்ட் எல்லாம் கட்டுக்கதையா?" என்று கேட்பீர்கள். இல்லை. அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

போக்கு என்று ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை பழையது. வால் ஸ்ட்ரீட் ஜர்னலைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்ல்ஸ் டவ் 1896-இல் 12 கம்பெனிகளின் விலையைச் சேர்த்து ஒரு சராசரி போட்டார். சந்தை மொத்தமாக எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான். அவர் 1902-இல் இறந்துபோனார். அவர் எழுதிய தலையங்கங்களைத் தொகுத்து 'டவ் தியரி' என்று பெயர் வைத்தது பின்னால் வந்தவர்கள். இன்று நம் மொபைல் ஆப்பில் இருக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற குறிகாட்டி 1978-இல் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் புத்தகம் போட்டுக் கொடுத்தது. மனுஷர் அடிப்படையில் மெக்கானிக்கல் இன்ஜினியர்.

எதிர்க்கட்சியும் அதே அளவு பழையது. 1900-இல் பாரிஸில் லூயி பாஷலியே என்ற கணித மாணவர், விலையின் அடுத்த நகர்வைக் கணிக்க முடியாது என்ற அடிப்படையில் ஓர் ஆய்வேடே எழுதினார். 1959-இல் சிகாகோவில் ஹாரி ராபர்ட்ஸ் ஒரு வேடிக்கை செய்தார். தற்செயலாக வந்த எண்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி வரைபடம் போட்டார். அசல் பங்கு விலை சார்ட் மாதிரியே வந்தது, சார்ட் படிப்பவர்கள் சொல்லும் 'தலை தோள்கள்' வடிவம் உட்பட. பர்ட்டன் மால்கியெல் தன் மாணவர்களை நாணயம் சுண்டச் சொல்லி ஒரு சார்ட் தயாரித்து, டெக்னிக்கல் ஆசாமி ஒருவரிடம் காட்ட, அவர் இந்தக் கம்பெனி எது, உடனே வாங்க வேண்டும் என்று துடித்த கதை அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் வருகிறது. உங்களிடம் எக்செல் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். ரேண்டம் எண்களை அடுக்கிக் கூட்டுங்கள். சப்போர்ட் தெரியும், ரெசிஸ்டன்ஸ் தெரியும், டபுள் பாட்டம் தெரியும். நம் கண் அப்படி, எதிலும் உருவம் தேடும்.

ஆனால் கணிக்கவே முடியாது என்ற கட்சிக்கும் ஓர் அடி விழுந்தது. 1993-இல் நரசிம்மன் ஜெகதீஷ், ஷெரிடன் டிட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்கப் பங்குகளை அலசினார்கள். கடந்த ஆறு மாதத்தில் நன்றாக ஏறியவற்றை வாங்கி, மோசமாக இறங்கியவற்றை விற்று, ஆறு மாதம் வைத்திருந்தால் என்ன ஆகும்? ஆண்டுக்குச் சராசரியாக 12 சதவீதம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ஏறியது இன்னும் கொஞ்சம் ஏறியது, இறங்கியது இன்னும் கொஞ்சம் இறங்கியது. மொமென்டம் என்று இதற்குப் பெயர். அதன்பின் எத்தனையோ நாடுகளில், எத்தனையோ விதச் சொத்துகளில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். முழுசாக அழிக்க முடியாத உண்மையாக நிற்கிறது. நம் என்.எஸ்.இ.யே 2020-இல் நிஃப்டி200 மொமென்டம் 30 என்று ஓர் இண்டெக்ஸ் தொடங்கியது. அதைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்டுகளும் வந்துவிட்டன.

இப்போது கவனியுங்கள். இதே ஜெகதீஷ் 1990-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், ஒரு மாத அளவில் பார்த்தால் நிலைமை தலைகீழ். போன மாதம் ஏறியது இந்த மாதம் கொஞ்சம் இறங்கும் சாய்வு இருந்தது. வெர்னர் டி பாண்ட், ரிச்சர்ட் தாலர் இருவரும் 1985-இல் காட்டியது மூன்று முதல் ஐந்து ஆண்டு கணக்கு. அங்கேயும் தலைகீழ்தான். நீண்ட காலம் அடி வாங்கிக் கிடந்த பங்குகள் பிறகு கொடிகட்டிப் பறந்தவற்றை முந்தின. ஆக, குறுகிய காலத்தில் திரும்புகிறது, நடுக்காலத்தில் தொடர்கிறது, நீண்ட காலத்தில் மறுபடி திரும்புகிறது. அதனால்தான் யாராவது 'டிரெண்ட் மேலே இருக்கு' என்றால் நான் முதலில் எந்த டிரெண்ட் என்று கேட்கிறேன். ஒரே பங்கின் வார சார்ட்டில் ஏற்றமும், தின சார்ட்டில் இறக்கமும், பதினைந்து நிமிட சார்ட்டில் சைட்வேஸும் ஒரே சமயத்தில் இருக்கும். மூன்றையும் பார்த்துவிட்டுத் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்பவர்தான் அதிகம்.

நடுக்காலத்தில் ஏன் தொடர்கிறது? எனக்கு நம்பும்படியாகத் தோன்றும் காரணம் ரொம்பச் சாதாரணமானது. செய்தி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைப்பதில்லை. நல்ல காலாண்டு முடிவு வந்த அன்றே விலை முழுசாக ஏறிவிடாது. பாதிப் பேர் 'ஏற்கெனவே ஏறிடுச்சு' என்று தயங்குவார்கள், கையில் வைத்திருப்பவர்கள் வந்த லாபம் போதும் என்று விற்பார்கள். பெரிய ஃபண்டுகளால் நினைத்த அளவை ஒரே நாளில் வாங்க முடியாது. வாங்கினால் அவர்களே விலையைத் தூக்கிவிடுவார்கள். வாரக்கணக்கில் சில்லறை சில்லறையாக வாங்குவார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது சார்ட்டில் ஒரு சாய்கோடு மேல்நோக்கித் தெரிகிறது. 2024 ஏப்ரலில் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு வரும் மாத எஸ்.ஐ.பி. வரவு முதல்முறையாக 20,000 கோடியைத் தாண்டியது. மாதாமாதம் அப்படி ஒரு தொகை உள்ளே வருவதும் போக்கை உண்டாக்குகிற விஷயம்தான்.

உண்டாக்கும், காப்பாற்றாது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று நிஃப்டி 26,277-ஐத் தொட்டது. அக்டோபரில் எஸ்.ஐ.பி. வரவு 25,000 கோடியைத் தாண்டியது. அதே அக்டோபரில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 94,000 கோடிக்கு விற்றுத் தள்ளினார்கள். 2025 மார்ச் தொடக்கத்தில் நிஃப்டி 22,000-க்குக் கீழே எட்டிப் பார்த்தது. மொமென்டம் இண்டெக்ஸ் நிஃப்டியைவிட அதிகமாக அடி வாங்கியது. வேகமாக ஏறியவற்றைத்தானே அது கையில் வைத்திருக்கும், எல்லோரும் ஒரே வாசலில் வெளியேறினால் நெரிசல் அங்கேதான்.

மொமென்டத்தின் மோசமான நாட்கள் இறக்கத்தில்கூட இல்லை, திருப்பத்தில் இருக்கின்றன. 2009 மார்ச் முதல் மே வரை அமெரிக்காவில் அதுவரை படுமோசமாகச் சரிந்திருந்த பத்தில் ஒரு பகுதிப் பங்குகளின் கூட்டம் 163 சதவீதம் ஏறியது. நன்றாக இருந்த கூட்டம் 8 சதவீதம். சரிந்தது இன்னும் சரியும் என்று ஷார்ட் அடித்தவர்கள் மூன்றே மாதத்தில் காலி. நம் ஊரில் 2020 நினைவிருக்கும். பிப்ரவரி கடைசியில் நிஃப்டி தன் 200 நாள் சராசரிக்குக் கீழே போனது. சராசரிக்குக் கீழே போனால் விற்றுவிட வேண்டும் என்ற விதிப்படி அப்போதே வெளியேறியவர் 11,000 சொச்சத்தில் தப்பித்தார். மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610. ஆனால் சராசரிக்கு மேலே நிஃப்டி திரும்ப வந்தது ஜூலையில்தான், கிட்டத்தட்ட அதே 11,000 பக்கத்தில். விதி அவருக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. பெரிய லாபம் கொடுக்கவில்லை. 7,610 அடிமட்டம் என்று எந்தச் சராசரியும் அன்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சராசரி என்பதே நடந்து முடிந்ததைக் கூட்டி வகுப்பதுதானே.

டிரெண்டை வடகிழக்குப் பருவமழை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் சென்னையில் மழை பெய்யும் என்று இப்போதே சொல்லலாம், குடை வாங்கி வைக்கலாம். நவம்பர் 14 மாலை நாலு மணிக்குத் தி.நகரில் பெய்யுமா என்பது வேறு கேள்வி.

என் அக்கா மகன் ஒருவன் கரூரில் டெக்ஸ்டைல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வேலைக்கு நடுவே மொபைலில் பேங்க் நிஃப்டி. பொங்கலுக்கு வந்தவன் பெருமையாகச் சொன்னான்.

"மாமா, பத்து டிரேடு போட்டா ஏழு எனக்குச் சரியா வருது."

"நல்லது. ஜெயிச்ச ஏழுல எவ்வளவுடா வந்துச்சு, தோத்த மூணுல எவ்வளவு போச்சு?"

கொஞ்ச நேரம் மொபைலை நோண்டினான். "மொத்தமாப் பார்த்தா கொஞ்சம் மைனஸ்தான் மாமா. அது ஸ்டாப் லாஸ் போடாததால."

இதுதான் கணக்கின் மையமே. டிரெண்டை வைத்து நிஜமாகவே பிழைக்கிறவர்கள் பெரும்பாலும் அடிக்கடி சரியாக இருப்பவர்கள் அல்ல. நூறு முறை போட்டு அறுபது முறை தோற்பார்கள். தோற்கும்போது ஆயிரம் ரூபாய் போகும். ஜெயிக்கும் நாற்பதில் மூவாயிரம் மூவாயிரமாக வரும். போனது அறுபதாயிரம், வந்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். அவர்களுக்கு டிரெண்ட் என்பது ஜோசியம் இல்லை. 'இந்த விலைக்குக் கீழே போனால் நான் நினைத்தது தப்பு' என்று முன்கூட்டியே முடிவு செய்ய ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் மனசு அதற்கு நேர்எதிராக வேலை செய்கிறது. சின்ன லாபம் வந்ததும் எடுத்துவிடத் துடிக்கிறது, நஷ்டத்தில் இருப்பதை 'திரும்பி வரும்' என்று பிடித்து வைத்துக்கொள்கிறது. பத்துக்கு ஏழு சரி, மொத்தத்தில் மைனஸ்.

அடுத்தது செலவு. டிரெண்ட் தரும் சாதகம் மெல்லியது. அதன்மேல் புரோக்கரேஜ், எஸ்.டி.டி. என்ற பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் வந்து உட்காரும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மாற்றுபவருக்கு இது தூசு. ஒரு நாளைக்குப் பத்து முறை உள்ளே வெளியே போகிறவருக்கு இதுவே முழு எதிரி. 2024 அக்டோபர் 1 முதல் ஆப்ஷன் விற்பனைக்கான எஸ்.டி.டி. 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாக உயர்ந்தது இன்னும் ஒரு சுமை.

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இதையெல்லாம் கணக்குப் போட்டு வெளியிட்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவாக மட்டுமே சுமார் 50,000 கோடி கட்டியிருக்கிறார்கள். செலவெல்லாம் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம். இதைவிட எனக்கு உறைத்தது, நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் விடாமல் தொடர்ந்தார்கள் என்பது. எதிர்ப்பக்கம் யார்? 2023-24-இல் புரோக்கர் நிறுவனங்களின் சொந்தக் கணக்குகளும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் அல்காரிதம் மூலமாக வந்தது. நீங்கள் கேண்டில் முடியட்டும் என்று காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அந்த மெஷின்கள் எத்தனை ஆர்டர் போட்டு எடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2024-25-க்கான கணக்கும் வந்தது. 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், தொகை ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது.

இந்த 93 சதவீதத்தில் பெரும்பாலோருக்கு சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ், மூவிங் ஆவரேஜ் எல்லாம் தெரிந்துதான் இருக்கும். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிற பாடம்தானே. தெரியாததால் தோற்கவில்லை.

"பேக்டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், பத்து வருஷமா வேலை செய்யுது" என்பவர்களுக்கும் ஒரு விஷயம். 1992-இல் புரோக், லகோனிஷாக், லெபாரன் மூவரும் 1897 முதல் 1986 வரையிலான டவ் ஜோன்ஸ் விலைகளில் மூவிங் ஆவரேஜ் விதிகள் வேலை செய்ததாகக் காட்டினார்கள். 90 ஆண்டுத் தரவு, இதற்குமேல் என்ன வேண்டும்? 1999-இல் சல்லிவன், டிம்மர்மன், ஒயிட் மூவரும் ஏறத்தாழ 8,000 விதிகளை அதே தரவில் ஓட்டி, அதில் சிறந்ததை எடுத்து, அடுத்த பத்தாண்டுக்குப் பொருத்தினார்கள். வேலை செய்யவில்லை. எட்டாயிரம் சாவிகளை முயன்றால் ஏதோ ஒன்று பழைய பூட்டைத் திறக்கத்தான் செய்யும்.

டிப்ஸ் கொடுக்கும் ஆசாமிகள் விஷயத்திலும் இதே கணக்குதான். 1,024 பேர் நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று சும்மா குத்துமதிப்பாகச் சொல்ல ஆரம்பித்தால், பத்து நாள் கழித்து பத்துக்குப் பத்து சரியாகச் சொன்ன ஒருவர் மிஞ்சுவார். அவருக்கு ஒரு திறமையும் தேவையில்லை. மற்ற 1,023 பேரின் வீடியோ உங்கள் கண்ணில் படாது.

சார்ட்டே பார்க்காத முதலீட்டாளர்களின் இறுமாப்பும் எனக்கு உடன்பாடில்லை. தொடர்ந்து மாதக்கணக்கில் இறங்கும் பங்கை 'மலிவாகக் கிடைக்கிறது' என்று வாங்கிக் குவித்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. விலை இறங்கிக்கொண்டே இருந்தால், உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று யாருக்கோ தெரிந்திருக்கலாம் என்ற எச்சரிக்கையாவது அதில் இருக்கிறது. எப்போதும் அல்ல. சத்யம் பங்கு 2009 ஜனவரி 6 அன்று 179 ரூபாய், மறுநாள் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வந்ததும் 40. அதற்கு எந்த ஸ்டாப் லாஸும் நின்றிருக்காது.

டிரெண்டைத்தான் பின்பற்றப் போகிறேன் என்பவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பாருங்கள். ஒரே பங்கில் வேண்டாம், இருபது முப்பதாகப் பிரியுங்கள், அல்லது மொமென்டம் இண்டெக்ஸ் ஃபண்டில் சேமிப்பின் சின்னப் பகுதியைப் போடுங்கள். நிஃப்டியைவிட மோசமாக விழும் ஆண்டுகள் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். கடன் வாங்கி எதுவும் வேண்டாம்.

வகுப்புக்குப் பணம் கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். சொல்லிக்கொடுப்பவரிடம் கடந்த மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய டிரேடிங் லாப நஷ்டத்தைக் கேளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், அதை யாரும் தயாரிக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு டிப்ஸ் தருபவர் என்றால் அவருடைய செபி பதிவு எண்ணைக் கேட்டு, செபி இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். இரண்டும் கிடைக்கும்வரை எஃப் அண்ட் ஓ-வை ஆக்டிவேட் செய்யாதீர்கள்.